பெனிடோர்ம்: பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

ஸ்பெயின் கடற்கரையில் ஒரு வாரம் வெயில் காயலாம் என்று திட்டம் போடுபவருக்குக் கேட்காமலே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "எங்கே வேண்டுமானாலும் போங்கள், பெனிடோர்ம் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள்." சொல்பவர் அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் பார்த்திருந்தால் போதும். மத்தியதரைக் கடல், பொன்னிற மணல், மணலுக்குப் பின்னால் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் அடுக்குமாடிகள். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும்: கான்கிரீட் காடு, மலிவு பீர், வெயிலில் வெந்து சிவந்த ஆங்கிலேயர்கள். அதற்கு மாற்றாக அவர் சிபாரிசு செய்வது வெள்ளையடித்த ஒரு சிற்றூர், குன்றின்மேல் தனி நீச்சல்குளத்தோடு ஒரு வில்லா, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒரு சின்னக் குடா. பயண இதழ்களும் வாரப் பத்திரிகைகளின் சுற்றுலாப் பக்கங்களும் பல ஆண்டுகளாக இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிவருகின்றன.

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். சிற்றூரை விரும்புவதும் கான்கிரீட்டை வெறுப்பதும் நல்ல ரசனைக்கு அடையாளம் என்று எல்லோரும் நம்பும் காலம் இது. ஆனால் கடலோர மலைகளை அரித்துத் தின்றது யார், வறண்ட பூமியின் தண்ணீரைக் குடித்தது யார், உள்ளூர்க்காரரை அவர் வீட்டைவிட்டுக் கிளப்பியது யார் என்று கணக்கெடுத்தால் விடை தலைகீழாக வருகிறது. குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டிய முதல் ஆள், ரசனையுள்ளவர்கள் சிபாரிசு செய்யும் அந்த வில்லாதான். பெனிடோர்மின் முறை அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வரும்.

அழகான மீனவக் கிராமம் ஒன்றைச் சுற்றுலா விழுங்கிவிட்டது என்ற புலம்பலில் இருந்து தொடங்கலாம். பெனிடோர்ம் சிற்றூராக இருந்தது உண்மை. 1956 கோடையில் கவிஞர்கள் சில்வியா பிளாத்தும் டெட் ஹியூஸும் தேனிலவுக்கு அங்கே வந்து தங்கினார்கள். கரையில் கிடந்த படகுகளையும் வீடுகளையும் பிளாத் கோட்டோவியங்களாக வரைந்தார். இன்றைக்கும் 'பழைய பெனிடோர்ம்' என்றால் அந்த ஓவியங்களைத்தான் எடுத்துப் போடுவார்கள். அந்த ஓவியங்கள் சொல்லாத ஒரு சேதி இருக்கிறது. அவ்வூர் ஆண்கள் பலர் ஆண்டில் பல மாதம் ஊரிலேயே இருந்ததில்லை. 'அல்மத்ராபா' என்ற சூரைமீன் வலைக்கட்டை இறக்குவதில் பெனிடோர்ம்காரர்கள் பேர்போனவர்கள். வலைக்குத் தலைவர்களாக அவர்களை ஆந்தலூசியாவுக்கும் வட ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் கூலி பேசிக் கூட்டிப்போவார்கள். மற்றவர்கள் சரக்குக் கப்பல்களில் ஏறினார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊரின் சொந்த வலைக்கட்டும் நின்றுபோயிற்று. அழிந்ததாகச் சொல்லப்படும் அந்த அழகிய கிராமம், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்களின் கிராமம்.

இந்த நிலையில்தான் பெட்ரோ சரகோசா என்ற 28 வயது உள்ளூர்க்காரர் 1950 இறுதியில் மேயரானார். பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி நியமித்த மேயர் என்பதால் அவருக்கு மக்களாட்சி மாலை எதுவும் போடத் தேவையில்லை. ஆனால் விளம்பரத்தில் மனிதர் எமன். பாதாம் மரம் பூக்கும் காலத்தில் பூங்கிளைகளை வடதேசத்துக்கு அனுப்பிவைத்தார். லாப்லாந்துக் குடும்பம் ஒன்றை வரவழைத்து வெயிலில் உலாவவிட்டுப் படம் பிடிக்கச் செய்தார். கடற்கரையில் பிகினி உடுத்தலாம் என்று உத்தரவு போட்டதற்காகத் திருச்சபை தன்னை விலக்கிவைக்கப் பார்த்ததாகவும், வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட் வரை ஓட்டிப்போய்ப் பிராங்கோவையே நேரில் கண்டு பேசியதாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகும் ஏறியிருக்கலாம். எழுதுபவர்கள் எல்லோரும் அந்த ஸ்கூட்டரிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர் செய்த பெரிய காரியம் காகிதத்தில் இருக்கிறது.

பிளாத் படகுகளை வரைந்துகொண்டிருந்த அதே 1956இல் பெனிடோர்ம் தன் நகரத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றது. அகலமான சாலைகள், கடலோரம் நெடுகப் பொது நடைபாதை, எந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு ஆகியவை அதில் இருந்தன. தாழ்வான வீடுகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டம் அது. 1963இல் விதிகளைத் திருத்தி உயர வரம்பை எடுத்தார்கள். கேட்டவுடன் கொள்ளைக்கு வழிவிட்ட கதைபோல் இருக்கும். நடந்தது வேறு. ஒரு மனையில் கட்டக்கூடிய மொத்தக் கன அளவு வரம்புக்குள்தான் இருந்தது. அந்த அளவைத் தரையோடு பரப்பிக் கட்டினால் மனை முழுவதும் சுவராகிவிடும், பின்னால் இருப்பவனுக்குக் காற்று வராது. அதையே ஒல்லியாக உயர்த்திக் கட்டினால் மனையின் பெரும்பகுதி மிஞ்சும். மிஞ்சிய இடத்தில் குளம், மரம், வண்டி நிறுத்தம். ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெயிலும் காற்றும் புகுந்து போகும். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசையில் இருக்கும் அறைக்கும் ஒரு கீற்றுக் கடல் தெரியும். ஸ்பெயினின் மற்றக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் எட்டு மாடி, பத்து மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று கடலுக்குக் குறுக்கே மதில் எழுப்பியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

கட்டடக் கலைஞர்களிடம் கேட்டால் பெனிடோர்மைப் பற்றி வேறுவிதமாகப் பேசுவார்கள். நெதர்லாந்தின் எம்விஆர்டிவி நிறுவனம், வினி மாஸ் தலைமையில், 2000இல் வெளியிட்ட 'கோஸ்டா இபேரிகா' என்ற நூலில் இந்த ஊரைக் கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஒரு முன்மாதிரியாகவே எடுத்துக்கொண்டது. அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, ஆன்ரி லெஃபெவ்ரிடம் படித்த ஸ்பானிய சமூகவியலாளர் மரியோ கவிரியா குழுவோடு வந்து ஊரை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். அணுமின் நிலையங்களையும் கண்மூடித்தனமான சுற்றுலா வளர்ச்சியையும் எதிர்த்துப் போராடிய இடதுசாரி அவர். ஆராய்ந்து முடித்தவர் பெனிடோர்மின் வக்கீலாகவே மாறிக் கடைசிவரை அப்படியே இருந்தார்.

இனி கணக்கு. பெனிடோர்மின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்று கிரான் ஹோட்டல் பாலி. 2002இல் திறந்தது, 186 மீட்டர், 52 மாடி, 776 அறைகள். அறைக்கு இருவர் என்றாலும் 1,500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தங்கலாம். இந்த 1,500 பேரையும் ரசனையுள்ளவர்கள் சொல்லும் வில்லாக்களில் குடிவைத்துப் பார்ப்போம். வில்லாவுக்கு ஆறு பேர் வீதம் சுமார் 250 வில்லாக்கள் வேண்டும். பெனிடோர்ம் இருக்கும் அலிகாந்தே மாகாணத்து மலைச்சரிவு வில்லா மனை 800 சதுர மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மனைகளுக்கு மட்டும் 20 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கர் போகும். ஒவ்வொரு வாசலுக்கும் தார்ச்சாலை, மின்கம்பம், கழிவுநீர்க் குழாய், குப்பை வண்டி எல்லாம் தனி. இது ஒரே ஒரு ஓட்டலின் கதை. பெனிடோர்ம் ஓட்டல்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இரவுகள் பதிவாகின்றன. நகராட்சியின் மொத்தப் பரப்போ 40 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு பேரையும் தாங்கிய பிறகும் ஊரின் கிழக்கு எல்லையில் சியர்ரா எலாடா மலைத்தொடர் கடலுக்குள் செங்குத்தாக இறங்கி நிற்கிறது. அதன் பெரும்பகுதியில் வீடு கிடையாது. 2005இல் அது இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. லெவான்டே கடற்கரையின் கிழக்கு முனையில் இருந்து நடந்தே ஏறிவிடலாம். திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் கோபுரங்கள், மறுபக்கம் பைன் மரமும் பாறையும்.

இதே மாகாணத்தின் ஹாவேயா, மொராய்ரா, கால்பே பக்கத்து மலைச்சரிவுகளில் இப்படி ஒரு எல்லைக்கோட்டைக் காட்ட முடியாது. பைன் காட்டுக்குள் வீடு, வீட்டுக்குள் காடு. படத்தில் அழகு. 2016 செப்டம்பரில் ஹாவேயாவின் கிரானதேயா பக்கம் தீப்பிடித்தபோது அந்தக் கலவையின் விலை தெரிந்தது. நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்தது, வில்லாக்கள் கருகின, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரவோடு இரவாக வெளியேற்ற வேண்டியிருந்தது. காட்டை நேசித்துக் காட்டுக்குள் குடிபோனவர்களைக் காப்பாற்றவே தீயணைப்புப் படைக்குப் பொழுது சரியாகப் போகும். காட்டைக் காப்பாற்ற யார் மிஞ்சுவது?

தண்ணீர்க் கணக்கு இன்னும் கூர்மையானது. இந்தக் கடற்கரையில் ஆண்டுக்கு 300, 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. வில்லாவின் தனிக்குளம் எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம் என்று கொள்வோம். ஒரு தடவை நிரப்ப 48,000 லிட்டர் வேண்டும். அந்த வெயிலுக்கு ஆண்டில் ஒரு மீட்டர் ஆழமாவது ஆவியாகும் என்பதால், சும்மா கிடந்தாலே 32,000 லிட்டர் காற்றில் போய்விடும். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5,000 லிட்டருக்கு மேல். அதே வெயிலில் 300 சதுர மீட்டர் ஓட்டல் குளம் ஒன்றை 500 பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 600 லிட்டர். வில்லாவின் புல்வெளி இந்தக் கணக்கில் சேரவில்லை. அது சதுர மீட்டருக்கு ஆண்டில் பல நூறு லிட்டர் குடிக்கும். ஆறு பேரும் ஆகஸ்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுக் கிளம்பிய பின்னும் குளம் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும், புல்லுக்குக் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டல் அறைகள் குளிர்காலத்திலும் பாதிக்கு மேல் நிரம்புவதால் அங்கே செலவாகும் தண்ணீருக்கு ஆளாவது இருக்கிறது.

பெனிடோர்ம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1978 வறட்சியில் குழாய்கள் வறண்டு, கப்பலில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு ஊற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் சுற்றுவட்டார நகராட்சிகள் சேர்ந்து மரினா பாஹா தண்ணீர்க் கூட்டமைப்பை நிறுவியிருந்தன. குவாதலெஸ்த், அமதோரியோ அணைகளின் நல்ல தண்ணீரில் விவசாயிகளுக்கு உள்ள பங்கை நகரம் வாங்கிக்கொள்ளும். பதிலுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டங்களுக்குத் திருப்பித் தரும். அப்படியொரு கொடுக்கல் வாங்கல் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஓட்டல் குளியலறையில் வடிந்த நீர் பழத்தோட்டத்துக்குப் போகிறது. இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால் கழிவுநீர் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். குன்றுக்குக் குன்று சிதறிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு செப்டிக் டேங்கை வைத்துக்கொண்டிருந்தால் எதைத் திருப்பித் தருவது?

வில்லா மோகம் வெறும் தனிமனித ஆசையாக நிற்கவும் இல்லை. இந்த மாகாணம் அடங்கிய வலென்சியா மாநிலத்தில் 1994இல் கொண்டுவந்த நகரமயச் சட்டம், நிலத்துக்குச் சொந்தக்காரராக இல்லாத ஒரு கட்டுமான நிறுவனமே பிறர் நிலத்துக்கு மனைப்பிரிவுத் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்க வழி திறந்தது. சின்ன நிலக்காரர் தன் மண்ணில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, கேட்காத சாலைக்கும் சாக்கடைக்கும் பணமும் கட்ட வேண்டும். ஓய்வுகாலத்துக்கு வீடு வாங்கிய ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இதில் மாட்டி அலறியபோது ஐரோப்பிய நாடாளுமன்றம் தலையிட்டது. டென்மார்க் உறுப்பினர் மார்கிரெட்டே ஆவ்கென் தயாரித்த கண்டன அறிக்கை 2009 மார்ச்சில் அங்கே நிறைவேறியது. தெற்கே மார்பெயாவில் நடந்தது அதைவிட வெளிச்சமான கூத்து. பணக்காரர்களின் வில்லாவுக்கும் சொகுசுப் படகுக்கும் பேர்போன அந்த ஊரைப் பற்றி எந்தப் பயண இதழும் மூக்கைச் சுளித்ததில்லை. 2006இல் 'மலாயா' ஊழல் வழக்கில் மேயர் உட்படப் பலர் கைதாகி நகராட்சியே கலைக்கப்பட்டது. மக்களாட்சி திரும்பிய பிறகு ஸ்பெயினில் அப்படிக் கலைக்கப்பட்ட முதல் நகராட்சி அதுதான். சட்டவிரோதமாகக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளை வரன்முறைப்படுத்த வந்த நகரத் திட்டத்தையும் 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இவ்வளவுக்குப் பிறகும் 'கெட்டுப்போன கடற்கரை' என்றவுடன் படம் போடுவது பெனிடோர்மைத்தான்.

'யாரும் கண்டுபிடிக்காத' கடற்கரைகளின் கதி வேறு ரகம். அல்மெரியாவில் காபோ தே காத்தா இயற்கைப் பூங்காவுக்குள், அல்கரோபிகோ என்ற ஆளரவமற்ற கடற்கரையில் 411 அறை ஓட்டல் ஒன்றை 2003இல் கட்டத் தொடங்கினார்கள். 2006இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. ஒரு விருந்தாளியைக்கூடக் காணாத அந்த வெள்ளைப் பிண்டம் வழக்குமேல் வழக்காக ஆண்டுக்கணக்கில் மணலை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பாளர் சொல்லலாம், அதுவும் ஓட்டல்தானே என்று. அந்த 411 அறையும் பெனிடோர்மில் ஏழாவது தெருவில் வந்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். கன்னிக் கடற்கரை வேண்டும் என்று கேட்கும் பயணிதான் அதைக் கன்னிக் கடற்கரைக்கு இழுத்துப்போனார்.

பெனிடோர்மைப் பற்றி எதைச் சொன்னாலும் உலகம் நம்பிவிடும் என்பதற்கு இன்டெம்போ ஒரு சான்று. 47 மாடி இரட்டைக் கோபுரம். கட்டுமான மோகம் உச்சத்தில் இருந்தபோது தொடங்கி, கடன் கொடுத்த சேமிப்பு வங்கி கவிழ்ந்து, திட்டம் கைமாறிக் கைமாறி 2021இல்தான் முடிந்தது. 2013இல் ஒரு செய்தி பரவியது: கட்டியவர்கள் மின்தூக்கி வைக்கவே மறந்துவிட்டார்களாம். கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்து எல்லா நாட்டு ஊடகங்களும் சிரித்தன. மின்தூக்கி வரைபடத்தில் முதலில் இருந்தே இருந்தது, கட்டடத்திலும் இருந்தது. 47 மாடி எழுப்பும்வரை ஒருவருக்கும் மின்தூக்கி நினைவு வரவில்லை என்பதைப் பாரிஸ், மிலான் பற்றி யாராவது எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் ஒரு தடவையாவது போன் போட்டுக் கேட்டிருப்பார்.

அடுத்தது, உள்ளூர்க்காரரைப் போல் வாழ்ந்து பார்க்கும் ஆசை. ஓட்டல் வேண்டாம், பழைய நகரத்தில் ஒரு வீட்டை வாரத்துக்கு எடுத்துக்கொண்டு சந்தையில் தக்காளி வாங்கிச் சமைப்போம் என்பது இதன் செயல்முறை. இந்த ஆசையின் பலனை 2024இல் ஸ்பெயின் வீதிகள் சொல்லின. ஏப்ரல் 20 அன்று கனேரித் தீவுகளில் மாபெரும் ஊர்வலம். ஜூன் இறுதியில் மலகாவில் வீட்டு வாடகைக்கு எதிரான பேரணி. ஜூலையில் பார்சிலோனாவில் வெளிச்சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்திருந்த பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கி. அந்நகர மேயர் ஹௌமே கொல்போனி, சுற்றுலா வாடகைக்கு விட்டிருக்கும் சுமார் 10,000 வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஊர்வலம் போனவர்களின் குறைகள் பல. முதல் குறை, குடியிருக்க வீடு இல்லை என்பது. ஆசிரியரும் தாதியும் குடியிருந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு புதுக் குடும்பம் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறுகிறது. உள்ளூர்க்காரரைப் போல் வாழ வந்தவர் முதலில் செய்த காரியம் உள்ளூர்க்காரரின் சாவியை வாங்கியது. ஓட்டலுக்கென்றே கட்டிய கோபுரத்தின் 23ஆம் மாடியில் யாரும் குடியிருந்ததில்லை. அங்கே தூங்குபவர் எவரையும் காலி செய்யவில்லை.

இதையெல்லாம் அடுக்கினாலும் பெனிடோர்ம் வெறுப்பு எளிதில் போகாது. அதன் வேர் கட்டடத்தில் இல்லை, அங்கே வரும் ஆட்களில் இருக்கிறது. லீட்ஸ் நகரத்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பில்பாவோ ஆலைத் தொழிலாளி, மாட்ரிட் புறநகர்க் கிழவி. 1985இல் தொடங்கிய இம்செர்சோ திட்டத்தில் ஸ்பெயின் அரசு தன் ஓய்வூதியர்களைச் சலுகை விலையில் குளிர்காலச் சுற்றுலாவுக்கு அனுப்புகிறது. அவர்களில் பெருந்தொகையானோர் வந்திறங்குவது இங்கேதான். ஜனவரி மாதத்திலும் பகல் வெப்பம் 16, 17 பாகையைத் தொடும் நாட்களில் போனியெந்தே நடைபாதையில் அவர்கள் கைகோத்து நடப்பார்கள். கார்லோஸ் ஃபெர்ரத்தெர் குழு வடிவமைத்து 2009இல் முடிந்த நடைபாதை அது. வெள்ளைக் கான்கிரீட் அலையலையாக வளைந்து வர, வண்ண ஓடு பதித்த தரை மணலை நோக்கி இறங்கும். சக்கர நாற்காலி, மின் ஸ்கூட்டர், குழந்தை வண்டி எதுவும் படியில் முட்டாது. லண்டன் ஹாரோவிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வரும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குன்றின்மேல் வில்லா எடுத்தால் முழங்கால் வலிக்கார அப்பம்மா ஏழு நாளும் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக்குப் போகவும் கார், கடலுக்குப் போகவும் கார், அதை ஓட்ட அப்பா. பெனிடோர்மில் அப்பம்மா காலையில் தானாக இறங்கிப் போய்க் காற்று வாங்கிவிட்டு, பெஞ்சில் ஒரு ஸ்பானியக் கிழவியோடு பாஷை தெரியாமலே பேசிவிட்டு, பசியாற வந்துவிடலாம்.

குறைகளே இல்லையா என்றால், உண்டு, சின்னதும் இல்லை. லெவான்டேவுக்குப் பின்னால் ஹெரோனா தெரு வட்டாரம் இரவு பதினொன்றுக்கு மேல் பிள்ளைகுட்டியோடு நடக்கும் இடம் இல்லை. ஓட்டல்களின் லாபத்தைத் தோளில் சுமப்பவர்கள் அறை துடைக்கும் பெண்கள். ஒரு நாளில் இத்தனை அறை என்ற இலக்குக்கு ஓடி முதுகெலும்பு தேய்ந்தவர்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டு போராடுகிறார்கள். பெனிடோர்மிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. சம்பளத்துக்குள் வாடகை அடங்காததால் ஊழியர்கள் பக்கத்து ஊர்களில் இருந்து வந்துபோகிறார்கள். சுற்றுலா வாடகை வீடுகள் இந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. 2000இல் திறந்த டெர்ரா மீத்திகா கேளிக்கைப் பூங்கா நகரத்துக்கு வெளியே, காட்டுத்தீயில் எரிந்த மலைச்சரிவில் பொதுப் பணத்தைக் கொட்டிக் கட்டியது. நான்கே ஆண்டில் கடனைக் கட்ட முடியாமல் கைதூக்கியது. இந்தக் கடைசிக் குறை ஒரு விதத்தில் வாதத்துக்கே துணை. தன் எல்லைக்குள் மேல்நோக்கி வளர்ந்தவரை பெனிடோர்ம் தேறியது. மலைப்பக்கம் பரவப்போனபோதுதான் சறுக்கியது.

ஆகவே திட்டம் போடுபவர் பெனிடோர்மை அழிக்காமல் வைத்துக்கொண்டு மற்றதைத் தீர்மானிப்பதே புத்தி. அங்கே எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. லெவான்டே சந்தடி மிகுந்தது, ஆங்கிலம் அதிகம் கேட்கும். போனியெந்தே நீளமானது, அமைதியானது, ஸ்பானியக் குடும்பங்கள் விரும்புவது, மாலை வெயில் கடைசிவரை நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாறைமேல் பழைய ஊர், நீலக் குவிமாடத்தோடு தேவாலயம், கடலைப் பார்த்த மாடம். இரவுக்குச் சாந்தோ தொமிங்கோ தெருவில் தப்பாஸ் கடைகள் வரிசையாக உண்டு, நின்றபடியே சாப்பிட்டு ஒவ்வொரு கடையாக நகரலாம். குடியும் தீனியும் எல்லாம் உள்ளடக்கம் என்ற ஏற்பாட்டைத் தவிர்ப்பது நல்லது. அதில் காசு ஓட்டல் வாசலைத் தாண்டுவதே இல்லை. காலையும் இரவும் சாப்பாடு தரும் 'மீடியா பென்சியோன்' எடுத்துக்கொண்டு, மதியத்துக்கு வெளியே 'மெனு தெல் தியா' என்ற அன்றைய சாப்பாட்டைச் சாப்பிட்டால் பையும் தாங்கும், ஊர்க் கடைகளும் பிழைக்கும்.

மாதம் அடுத்த கேள்வி. ஆகஸ்டில் கடல்நீர் 26 பாகை வரை ஏறும், ஆனால் குடைக்கும் குடைக்கும் இடையே கால் வைக்க இடம் இருக்காது. ஜூன், செப்டம்பர் இரண்டும் உத்தமம். அக்டோபர் கடலும் மே மாதத்துக் கடலைவிட வெதுவெதுப்பானது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நவம்பர் இரண்டாம் வார இறுதியில் ஊர்த் திருவிழா வரும். அது முடிந்த வியாழக்கிழமை ஆங்கிலேயர்கள் மாறுவேடம் போட்டுக்கொண்டு தெருவை அடைப்பார்கள், சகிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் வேடிக்கைதான்.

அலிகாந்தே விமான நிலையத்தில் இருந்து நேர்ப் பேருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும், வாடகைக் கார் வேண்டாம். சிற்றூர் ஆசை விடாதவர்களுக்குப் பெனிடோர்மில் இருந்து தேனியா பக்கம் போகும் ட்ராம் இருக்கிறது. அரை மணிக்குள் அல்தேயாவில் இறங்கி, கல் பாவிய படிகளில் தேவாலயம் வரை ஏறி, சதுக்கத்தில் காபி குடித்து, ஒரு குவளையோ கிண்ணமோ வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். இன்னும் சில நிறுத்தம் தாண்டினால் கால்பே, அங்கே இஃபாக் பாறை. பாறைமேல் ஏறுவதாக இருந்தால் கோடையில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, புறப்படும் முன்பே முன்பதிவு செய்துவிட வேண்டும். திரும்பும் வண்டியின் கடைசி நேரத்தையும் நிலையத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.